மாணவர் விமானிக்குப் பக்கத்து சீட்டில் யார் உட்காரலாம்?

கார் கற்றுக்கொள்கிறவன் தனியாக ஓட்டக் கூடாது. பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும், அது அண்ணனோ மாமாவோ யாராக இருந்தாலும் சரி. விமானத்தில் இது அப்படியே தலைகீழ். இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் யாருமே இருக்கக் கூடாது. இன்ஸ்ட்ரக்டர் கையெழுத்துப் போட்டு "இனி நீ தனியாகப் பறக்கலாம்" என்று சொன்ன பிறகும், மனைவியையோ நண்பனையோ, பைலட் லைசென்ஸ் வைத்திருக்கிற பக்கத்து வீட்டுக்காரரையோ கூட்டிக்கொண்டு நீங்கள் விமானத்துக்குப் பொறுப்பாகப் பறக்க முடியாது. ஊரில் உள்ள சொந்தக்காரர்களிடம் இதைச் சொன்னால் "தனியா விடுறதுக்கு யாரையாவது கூட அனுப்புறது பாதுகாப்புதானே" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் யோசித்தேன்.

நான் கற்றுக்கொண்டது டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே உள்ள டென்டன் விமான நிலையத்தில். வாரம் முழுக்க சாஃப்ட்வேர் வேலை, வார இறுதியில் செஸ்னா 172 என்ற நான்கு சீட் சின்ன விமானம். எச்-1பி விசாவில் இருந்ததால் பயிற்சி தொடங்கும் முன்பே அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.ஏ.விடம் பாதுகாப்பு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அந்தக் கதை தனி, இங்கே வேண்டாம். பயிற்சி முடியும்வரை வீட்டிலும் அலுவலகத்திலும் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: "எங்களை எப்போ கூட்டிட்டுப் போவ?" அதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே விதிகள் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டன. இப்போது புதிதாகச் சேரும் பையன்கள் அதே கேள்விகளோடு வருவதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். இதெல்லாம் அமெரிக்க விதிகள். வேறு நாட்டில் படிப்பவர்கள் அந்த ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் அடிப்படை. அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் விதிகளில் 61.89 என்று ஒரு பிரிவு இருக்கிறது. மாணவர் விமானி என்னவெல்லாம் செய்யக் கூடாது என்ற பட்டியல் அது. பயணியை ஏற்றிக்கொண்டு பைலட்-இன்-கமாண்டாக, அதாவது விமானத்துக்குப் பொறுப்பான விமானியாக, இருக்கக் கூடாது என்பதுதான் அதில் முதல் வரி. அடுத்து வாடகைக்குச் சரக்கு ஏற்றக் கூடாது, காசு வாங்கக் கூடாது, தொழில் காரியமாகக்கூடப் பறக்கக் கூடாது. அதாவது வேறு ஊரில் கிளையன்ட் மீட்டிங் இருக்கிறது, விமானத்தில் நான் மட்டும் தனியாகத்தானே போகிறேன் என்றாலும் மாணவராக இருக்கும்வரை கூடாது. இன்னொரு பிரிவு 61.51. சோலோ, அதாவது தனியாகப் பறந்த நேரம் என்று, பறந்த மணி நேரங்களைக் குறித்துவைக்கும் லாக்புக்கில் எழுத வேண்டுமானால் அந்த விமானத்தில் உங்களைத் தவிர வேறு ஆள் இருந்திருக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சந்துபொந்து எதுவும் மிச்சமில்லை. ஒருவர் என்னிடம் நாயைக் கூட்டிப்போகலாமா என்று கேட்டார். என் இன்ஸ்ட்ரக்டரிடம் கேட்டேன், அவர் சிரிக்கக்கூட இல்லை, "கூடாது" என்று சொல்லிவிட்டு காபி எடுக்கப் போய்விட்டார்.

இந்த விதிகளைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி போதும்: இந்தப் பயணத்தில் பைலட்-இன்-கமாண்ட் யார்? யார் எந்த சீட்டில் உட்கார்ந்திருக்கிறார், யார் கையில் ஸ்டியரிங் இருக்கிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். விமானத்துக்கு முழுப் பொறுப்பும் இறுதி முடிவும் பைலட்-இன்-கமாண்டுடையது. சோலோவுக்கு முந்தைய காலம் முழுக்க நீங்கள் இடது சீட்டில் உட்கார்ந்து, நீங்களே ஏற்றி இறக்கினாலும் பொறுப்பு வலது சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இன்ஸ்ட்ரக்டருடையது. சோலோவில் பொறுப்பு உங்களுடையது. ஆனால் அந்தப் பொறுப்பை உங்கள் ஒரு உயிர் மீது மட்டும்தான் கொடுத்திருக்கிறார்கள், இன்னொருவர் உயிர் மீது கொடுக்கவில்லை. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. இறங்கும் பாதையில் வேகம், உயரம், காற்று, டவர் சொல்வது, முன்னால் போகும் விமானம் என்று எல்லாவற்றையும் ஒரே தலை பார்த்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் இருந்து "அந்த ஏரி பேரென்ன?" என்று ஒரு குரல் வந்தால் போதும், கவனம் சிதறிவிடும்.

எடை விஷயமும் இருக்கிறது. முதல் சோலோவில் இன்ஸ்ட்ரக்டர் இறங்கிப் போனதும் விமானம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். எங்கள் ஆள் நல்ல தாட்டியானவர், 200 பவுண்டுக்கு மேல். அவர் இல்லாமல் ரன்வேயில் ஓடியபோது நான் எதிர்பார்த்ததற்கு முன்பே சக்கரம் தரையை விட்டுவிட்டது, ஏறும் வேகமும் கூடுதல், இறங்கும்போது கீழே இறங்க மனமில்லாமல் மிதந்துகொண்டே போனது. இதை முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார், அதனால் பதறவில்லை. இப்படி ஆள் குறைந்தாலே நடத்தை மாறுகிற விமானத்தில், இன்ஸ்ட்ரக்டருக்குப் பதிலாக விமானம் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரை உட்காரவைத்து, பேச்சுத்துணைக்கு என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை.

சரி, அதிகமாக வரும் கேள்விக்கு வருகிறேன். "என் நண்பனிடம் பிரைவேட் பைலட் லைசென்ஸ் இருக்கிறது. நான் அவனோடு போய் பிராக்டிஸ் செய்யலாமா?"

போகலாம். ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. அவர்தான் பைலட்-இன்-கமாண்டாக இருக்க வேண்டும், நீங்கள் கூடப் போகிற ஆள். அவர் விருப்பப்பட்டால் மேலே போன பிறகு உங்கள் கையில் கொடுத்து நேராக ஓட்டச் சொல்லலாம், திருப்பச் சொல்லலாம், அதற்கு எஃப்.ஏ.ஏ. பொதுவாகத் தடை சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தை உங்கள் லாக்புக்கில் எதன் கீழும் எழுத முடியாது. அவர் இன்ஸ்ட்ரக்டர் இல்லை, ஆகவே பயிற்சி நேரம் ஆகாது. விமானத்தில் நீங்கள் தனியாக இல்லை, ஆகவே சோலோ ஆகாது. பிரைவேட் லைசென்ஸுக்குத் தேவையான 40 மணி நேரத்தில் 20 மணி இன்ஸ்ட்ரக்டரோடு, 10 மணி சோலோ என்று விதி இருக்கிறது, அந்தக் கணக்கில் நண்பரோடு பறந்தது ஒரு நிமிடம்கூடச் சேராது.

நண்பருக்கும் நிபந்தனைகள் உண்டு. பயணியை ஏற்ற அவர் முந்தைய 90 நாட்களுக்குள் மூன்று முறை தானே ஏற்றி இறக்கியிருக்க வேண்டும். இரவில் என்றால் அந்த மூன்றும் இரவில், முழுதாக நிறுத்தி இறக்கியதாக இருக்க வேண்டும். 24 மாதத்துக்கு ஒருமுறை ஒரு இன்ஸ்ட்ரக்டரோடு மறுபரிசீலனைப் பயிற்சி செய்திருக்க வேண்டும். மருத்துவத் தகுதி இருக்க வேண்டும். நம் ஆட்களில் பலர் லைசென்ஸ் வாங்கியதோடு சரி, அப்புறம் குழந்தை, வீட்டுக் கடன் என்று வருடக்கணக்கில் பறக்காமல் இருப்பார்கள். லைசென்ஸ் அட்டைக்குக் காலாவதி இல்லை என்பதால் "எனக்கு இன்னும் இருக்கு" என்று காட்டுவார்கள். அட்டை இருப்பது வேறு, உங்களை ஏற்றிக்கொண்டு பறக்க இன்றைக்குத் தகுதி இருப்பது வேறு. கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல பைலட் யாரும் இதைக் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

காசு விஷயம் இதைவிட முக்கியம். நம் ஊர்ப் பழக்கத்தில் "நீ ஓட்டு, வாடகை நான் குடுத்துடறேன்" என்று தாராளமாகச் சொல்லிவிடுவோம். பிரைவேட் பைலட் தன் பங்குக்குக் குறைவாகக் கொடுக்கக் கூடாது என்று 61.113 சொல்கிறது. இரண்டு பேர் போனால் எரிபொருள், எண்ணெய், விமான நிலையக் கட்டணம், விமான வாடகை இவற்றில் பாதியாவது அவர் கையிலிருந்து போக வேண்டும். மணிக்கு 180 டாலர் வாடகை என்றால் அவர் 90 டாலர் கொடுத்தே ஆக வேண்டும். முழுக் காசையும் நீங்கள் கொடுத்தால் மாட்டிக்கொள்வது அவர் லைசென்ஸ், உங்களுக்கு நல்லது செய்யப்போய்.

அந்த நண்பர் திருப்பி ஒரு உதவி கேட்கலாம். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சிக்காக அவர் கண்ணுக்கு மறைப்பு போட்டுக்கொள்வார், வெளியே பார்த்துக்கொள்ள சேஃப்டி பைலட் என்று ஒருவர் வேண்டும், "நீதான் படிக்கிறியே, வாயேன்" என்பார். போக முடியாது. சேஃப்டி பைலட்டுக்குக் குறைந்தது பிரைவேட் லைசென்ஸ் வேண்டும், அந்த வகை விமானத்துக்கான தகுதியும் வேண்டும். சோலோ முடித்த மாணவர் இருவர் சேர்ந்து போகலாமா என்பதும் இதே ரகம்தான். இரண்டு பேருக்குமே மற்றவரை ஏற்றிக்கொண்டு பொறுப்பேற்கும் உரிமை இல்லை, அப்புறம் அந்த விமானத்துக்கு யார் பொறுப்பு?

இன்ஸ்ட்ரக்டர் விஷயத்திலும் கொஞ்சம் பார்க்க வேண்டியது இருக்கிறது. தெரிந்தவர், வயதானவர், ஒரு காலத்தில் நிறையப் பேருக்குக் கற்றுக்கொடுத்தவர், சொந்த விமானம் வைத்திருக்கிறார், காசு வாங்காமல் சொல்லித்தருகிறேன் என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்கவே இனிப்பாக இருக்கும். லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவருக்கு, அவரே பொறுப்பேற்றுப் பறக்கும்போது, மருத்துவச் சான்று இல்லாத இன்ஸ்ட்ரக்டர்கூடப் பாடம் எடுக்கலாம். மாணவரோடு பறக்கும்போது அப்படி முடியாது, ஏனென்றால் அப்போது பைலட்-இன்-கமாண்ட் இன்ஸ்ட்ரக்டர்தான், ஆகவே அவருக்கு மருத்துவத் தகுதி கட்டாயம். 2024 டிசம்பருக்கு முன்னால் இன்ஸ்ட்ரக்டர் சான்றிதழிலேயே காலாவதித் தேதி அச்சிட்டிருப்பார்கள், பார்த்தால் தெரிந்துவிடும். இப்போது தேதி இல்லை, அதற்குப் பதில் அண்மைக்கால அனுபவத்தை வைத்துத்தான் தகுதி. ஆகவே அட்டையைப் பார்த்து முடிவு செய்ய முடியாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் தகுதியில் ஓட்டை இருந்தால் நஷ்டம் உங்களுக்கும்தான், அவரோடு பறந்த மணி நேரங்கள் பிறகு கேள்விக்குள்ளாகும்.

இனி பின் சீட்டு. இதுதான் குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு உபயோகமான பகுதி.

இன்ஸ்ட்ரக்டரோடு பாடம் நடக்கும்போது பின்னால் ஒருவர் உட்கார்ந்து வரலாமா? வரலாம். எஃப்.ஏ.ஏ. விதியில் அதற்குத் தடை இல்லை, ஏனென்றால் பயணியை ஏற்றிச் செல்வது நீங்கள் அல்ல, இன்ஸ்ட்ரக்டர். நான் முதலில் விசாரித்த ஒரு பயிற்சிப் பள்ளியில், வரவேற்பில் இருந்தவர் "எஃப்.ஏ.ஏ. அனுமதிக்காது" என்று அடித்துச் சொன்னார். பிறகு விசாரித்ததில் அது அவர்கள் இன்ஷூரன்ஸ் நிபந்தனை என்று தெரிந்தது. அப்படி நிபந்தனை வைப்பது அவர்கள் உரிமை, ஆனால் தங்கள் நிபந்தனையை அரசாங்க விதி என்று சொல்வது எனக்கு எரிச்சல். நான் சேர்ந்த இடத்தில் இன்ஸ்ட்ரக்டர் முடிவுக்கு விட்டிருந்தார்கள்.

என் இன்ஸ்ட்ரக்டரிடம் மனைவியைக் கூட்டி வரலாமா என்று கேட்டபோது அவர் உடனே சரி சொல்லவில்லை. தன் லாக்புக்கைப் புரட்டினார். நாள் முழுக்க விமானத்தில் இருக்கிறவருக்கு என்ன சந்தேகம் என்று எனக்குப் புரியவில்லை. விஷயம் இதுதான்: பயணியை ஏற்ற 90 நாளில் மூன்று முறை தானே கட்டுப்பாடுகளைக் கையாண்டு இறக்கியிருக்க வேண்டும் அல்லவா? அவர் பகல் முழுக்கப் பறக்கிறார், ஆனால் இறக்குவதெல்லாம் மாணவர்கள். அவர் கையால் இறக்கியது எப்போதாவதுதான். மாணவரும் இன்ஸ்ட்ரக்டரும் ஒருவருக்கொருவர் பயணி ஆக மாட்டார்கள் என்று எஃப்.ஏ.ஏ.வின் சட்டப் பிரிவு 2006இல் விளக்கம் கொடுத்திருப்பதால் சாதாரணப் பாடத்துக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. பின் சீட்டில் என் மனைவி ஏறியதும் தேவை வந்துவிடுகிறது. அந்த வாரம் அவர் தனியாகப் போய் மூன்று முறை இறக்கிவிட்டு வந்தார், "நல்ல வேளை, எனக்கும் ஓட்டத் தெரியும் என்று ஞாபகம் வந்தது" என்று சொல்லிக்கொண்டு. தன் லாக்புக்கைத் தானே எடுத்துப் பார்த்தார் பாருங்கள், அந்த மாதிரி இன்ஸ்ட்ரக்டரைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

அடுத்தது எடைக் கணக்கு. எங்கள் 172எஸ் மாடலின் அதிகபட்ச எடை 2,550 பவுண்டு. விமானத்தின் காலி எடை போக ஆள், பை, பெட்ரோல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏறக்குறைய 850 பவுண்டுதான் மிச்சம். டேங்க் நிறைய 53 கேலன், கேலனுக்கு 6 பவுண்டு என்றால் 318. மீதி 530 சொச்சம். நான், அந்தத் தாட்டியான இன்ஸ்ட்ரக்டர், என் மனைவி மூவரும் ஏறினால் அது கிட்டத்தட்ட தீர்ந்துவிடும். நான்கு சீட் இருக்கிறது என்பதால் நான்கு பேர் போகலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை உட்கார்ந்து போட வேண்டும். அன்றைக்கு டேங்கை நிரப்பாமல் தேவைக்கும் கட்டாயக் கையிருப்புக்கும் மேல் கொஞ்சம் மட்டும் வைத்துப் போனோம். டெக்சாஸ் கோடை வேறு. டென்டன் ரன்வே கடல் மட்டத்திலிருந்து 642 அடி உயரத்தில்தான் இருக்கிறது, ஆனால் வெயில் 38 டிகிரி அடித்தால் விமானம் சுமார் 3,500 அடி உயரத்தில் இருப்பது போல நடந்துகொள்ளும். காற்று லேசாகிவிடுவதால் இறக்கைக்கும் பிடிமானம் குறைவு, எஞ்சினுக்கும் மூச்சு குறைவு. பின் சீட்டில் ஆள் இருந்தால் எடை மையமும் பின்னால் நகரும், இறக்கும்போது மூக்கைத் தூக்குவது லேசாகிவிடும், பழக்கமான அளவுக்கு இழுத்தால் கூடுதலாகத் தூக்கிவிடும். புதிதாகக் கற்றுக்கொள்பவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

எந்தப் பாடத்துக்குக் கூட்டிப்போவது என்பதும் முக்கியம். வேகம் குறைத்து விமானத்தைத் தொய்யவிட்டு மீட்கும் ஸ்டால் பாடத்துக்கு வீட்டு ஆட்களைக் கூட்டிப்போகாதீர்கள், அந்த ஒரு நாளோடு உங்கள் பொழுதுபோக்குக்கு வீட்டில் ஆதரவு போய்விடும். ஒரே ரன்வேயில் சுற்றிச் சுற்றி இறங்கி ஏறும் பாடமும் வேண்டாம், பின்னால் இருப்பவருக்குக் குமட்டும். இன்னொரு ஊருக்குப் போய் வரும் பாடம்தான் சரி. நாங்கள் ஓக்லஹோமாவில் உள்ள ஆர்ட்மோருக்குப் போய் வந்தோம், காலை ஏழு மணிக்கே கிளம்பினோம். பத்து மணிக்கு மேல் தரை சூடாகி மேலே குலுக்கல் தொடங்கிவிடும். மனைவிக்கு ஒரு ஹெட்செட் வாடகைக்கு எடுத்தேன். மற்ற இருவரும் பேசுவது கேட்காவிட்டால் பின் சீட்டில் பயம் அதிகமாகும். ஏறும்போதும் இறங்கும்போதும் பேச வேண்டாம், ஆனால் வேறு விமானம் கண்ணில் பட்டால் மட்டும் உடனே சொல்லு என்று சொல்லியிருந்தேன். என்னைவிட முன்னால் அவள்தான் ஒன்றைப் பார்த்தாள். இன்ஸ்ட்ரக்டர் இன்றைக்கும் அதைச் சொல்லிக் கிண்டல் செய்வார்.

இன்ஸ்ட்ரக்டர் இருக்கிறார் என்பதாலேயே எல்லாம் பத்திரம் என்று ஆகிவிடாது. 1996 ஏப்ரலில் ஜெசிகா டப்ராஃப் என்ற ஏழு வயதுச் சிறுமி, அமெரிக்காவைக் கடற்கரையிலிருந்து கடற்கரைக்குக் கடக்கும் மிக இளம் விமானி என்று பெயர் வாங்கும் முயற்சியில் செஸ்னா 177 விமானத்தில் கிளம்பினாள். சட்டப்படி பைலட்-இன்-கமாண்ட் கூட வந்த இன்ஸ்ட்ரக்டர். அவள் அப்பாவும் விமானத்தில் இருந்தார். வயோமிங் மாநிலத்தின் ஷயான் நகரில், இடிமழை நெருங்கிவரும் நேரத்தில், அளவுக்கு மேல் எடையோடு ஏறினார்கள். ஷயான் ஆறாயிரம் அடிக்கு மேல் உயரமுள்ள ஊர், காற்று ஏற்கெனவே லேசு. ஏறிய கொஞ்ச நேரத்தில் விழுந்து மூவரும் இறந்தார்கள். விசாரணையில் காரணமாகச் சொல்லப்பட்டது இன்ஸ்ட்ரக்டர் எடுத்த முடிவு. கேமராக்கள், பேட்டிகள், அடுத்த ஊரில் காத்திருக்கும் வரவேற்பு என்று நெருக்கடி இருந்தது. அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: சாதனைக்காகவோ போட்டிக்காகவோ பறக்கும்போது, குறைந்தது பிரைவேட் லைசென்ஸும் மருத்துவச் சான்றும் இல்லாத ஒருவர் கையில் விமானத்தைக் கொடுக்கக் கூடாது. நான் நண்பரோடு பறப்பதைப் பற்றிச் சொன்ன இடத்தில் "பொதுவாகத் தடை இல்லை" என்று எழுதியதற்குக் காரணம் இந்த விதிவிலக்குதான்.

எங்கள் விமான நிலையத்திலேயே ஒரு பையன் சோலோ கையெழுத்து வாங்கிய கொஞ்ச நாளில் ரூம் மேட்டை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்தான். விபத்து ஒன்றும் இல்லை, அழகாகத்தான் இறக்கினான். ரூம் மேட் வீடியோவை இன்ஸ்டாகிராமில் போட்டான், அதைப் பார்த்தவர்களில் அவன் இன்ஸ்ட்ரக்டரும் ஒருவர். சோலோ அனுமதியை அன்றே எடுத்துவிட்டார்கள், அந்தப் பள்ளி மேற்கொண்டு அவனுக்கு விமானம் தரவில்லை. அவன் விவாதம் "ஒன்றும் ஆகலையே" என்பது. ஏதாவது ஆகியிருந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரித்திருக்கலாம், ஒரு விமானத்தின் விலையும் ஆஸ்பத்திரிச் செலவும் அவன் தலையில் விழுந்திருக்கும். அதற்கு மேல், அவன் சோலோவுக்குக் கையெழுத்துப் போட்ட இன்ஸ்ட்ரக்டரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சோலோ கையெழுத்து என்பது 90 நாளுக்கு மட்டும், அந்த மாடல் விமானத்துக்கு மட்டும் தருகிற ஒன்று. தூரப் பயணம் என்றால் பொதுவாக ஒவ்வொரு முறையும் திட்டத்தைப் பார்த்துத் தனியாகக் கையெழுத்து. அவர் தன் பெயரைப் போட்டு உங்களைத் தனியாக அனுப்புகிறார்.

இந்தியாவிலும் இதே கதைதான். மகாராஷ்டிராவின் பாராமதியில் விமானப் பயிற்சி படித்த என் சித்தப்பா மகன் சொல்லித்தான் தெரியும், அங்கே 1937ஆம் ஆண்டு விமான விதிகளின் இரண்டாம் அட்டவணையில் மாணவர் லைசென்ஸ்காரர் பயணி, விலங்கு, சரக்கு எதையும் ஏற்றக் கூடாது, எப்போதும் இன்ஸ்ட்ரக்டர் அல்லது தேர்வாளரின் மேற்பார்வையில்தான் பறக்க வேண்டும் என்று இருக்கிறது. நாய்க் கேள்விக்கு அவர்கள் எழுத்திலேயே பதில் வைத்திருக்கிறார்கள்.

என்னோடு பறக்க ஆசைப்பட்ட என் அப்பாவின் கதையும் ஒன்று உண்டு. கோடையில் அப்பாவும் அம்மாவும் திண்டுக்கல்லில் இருந்து வந்திருந்தார்கள். நான் சோலோ போவதைப் பார்த்துவிட்டு அப்பாவுக்கு ஆசை. "நான் ஒன்னும் தொட மாட்டேன்டா, சும்மா உட்கார்ந்து வர்றேன்" என்று கேட்டார், பிறகு கேட்கவில்லை, ஆனால் முகத்தில் தெரிந்தது. விதியைச் சொன்னால் நான் சாக்குச் சொல்வதாக நினைத்தார். அம்மா வேறு, "பெத்த அப்பாவுக்கு இல்லாத சட்டமா" என்று எடுத்துக்கொடுத்தார். கடைசியில் வழி சொன்னது இன்ஸ்ட்ரக்டர்தான். புதிதாக வருபவர்களுக்கு டிஸ்கவரி ஃபிளைட் என்று அரை மணி நேர அறிமுகப் பயணம் ஒன்று விற்கிறார்கள். முறையான பயிற்சி இல்லை என்பதால் வெளிநாட்டவருக்கு டி.எஸ்.ஏ. அனுமதி தேவையில்லை. பைலட்-இன்-கமாண்ட் இன்ஸ்ட்ரக்டர், ஆகவே இடது சீட்டில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். அப்பாவை இடது சீட்டில் உட்காரவைத்தார், என்னைப் பின் சீட்டுக்கு அனுப்பினார். ரே ராபர்ட்ஸ் ஏரிக்கு மேல் அப்பா கையில் கொடுத்துத் திருப்பச் சொன்னார், அப்பா பஸ் டிரைவர் மாதிரி முழு உடம்பையும் சேர்த்துத் திருப்பினார். மகன் இத்தனை மாதம் படித்தும் அப்பாவை ஏற்ற முடியாது, அப்பா ஒரு நாளும் படிக்காமல் மகன் வரும் விமானத்தைத் திருப்பலாம். இரண்டும் ஒரே விதியின் கீழ்தான். பெற்றோர் வந்திருக்கும் நேரத்தில் லைசென்ஸ் முடியாது என்று தெரிந்தால் இந்த வழியைத் தாராளமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மாணவராக இருந்துகொண்டே, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு நீங்கள் பைலட்-இன்-கமாண்டாக இருக்கிற சந்தர்ப்பம் ஒன்றே ஒன்று உண்டு. அது லைசென்ஸ் தேர்வு. வலது சீட்டில் இருக்கும் தேர்வாளர் சாதாரணமாகப் பொறுப்பேற்க மாட்டார், பொறுப்பு உங்களுடையது, அவரைப் பயணி என்றும் கணக்கிட மாட்டார்கள் என்று 61.47 தெளிவாகச் சொல்கிறது. தேர்வில் இதையே கேள்வியாகக் கேட்பார்கள், "இப்போது பைலட்-இன்-கமாண்ட் யார்?" என்று. தயங்காமல் "நான்" என்று சொல்லுங்கள். அவரைப் பயணியாகப் பாவித்து பெல்ட் போடுவது, கழற்றுவது, கதவு திறப்பது எல்லாவற்றையும் விளக்கச் சொல்வார்கள், அதையும் வீட்டு ஆட்களை வைத்து முன்பே சொல்லிப் பழகிக்கொள்வது நல்லது.

தேர்வு முடிந்ததும் கையில் தரும் தற்காலிகச் சான்று 120 நாள் செல்லும், அன்று மாலையே குடும்பத்தை ஏற்றலாம், சட்டம் தடுக்காது. நான் உடனே ஏற்றவில்லை. கொஞ்ச நாள் தனியாகவே போனேன், பிறகு மனைவி, அதற்கப்புறம்தான் மற்றவர்கள்.

இப்போது நிலைமை மாறி, அலுவலகத்தில் புதிதாகப் பயிற்சியில் சேர்ந்திருக்கும் ஒரு பையன் என்னிடம் வந்து "அண்ணா, உங்களோட வந்தா பிராக்டிஸ் ஆகும்ல" என்று கேட்கிறான். வரச் சொல்லியிருக்கிறேன். பைலட்-இன்-கமாண்ட் நான், ஏற்றுவதும் இறக்குவதும் நான், நான் விமானம் எடுக்கும் இடத்தில் வாடகை ஒப்பந்தப்படி அவர்கள் சரிபார்த்த ஆளைத் தவிர வேறு யாரும் இறக்கக் கூடாது. மேலே போனதும் ரேடியோ பேசுவதையும் வரைபடம் பார்ப்பதையும் அவனிடம் கொடுத்துவிடுவேன், மாணவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான். லாக்புக்கைக் கொண்டுவர வேண்டாம். பாதி வாடகைக்கு மேல் ஒரு காசும் வாங்க மாட்டேன். கிளம்பும் முன் அவன் இன்ஸ்ட்ரக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரட்டும், எந்தப் பழக்கத்தை நான் கெடுக்கக் கூடாது என்று அவர் சொன்னால் அதையும் கேட்டுக்கொள்கிறேன்.